முப்பது நாள் கணக்கு

தம்பானூர் உங்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் ரயில் நிலையம். எதிரே பஸ் நிலையம். விடியற்காலையில் நாகர்கோவில் பஸ் வந்து நிற்கும். அதிலிருந்து தோவாளைப் பூ மூட்டை இறங்கும். அந்தப் பூவைக் கட்டி விற்கும் அக்கா ஒருவர் எங்கள் மையத்தில் படிக்கிறார். வயது 46. ஒன்றரை வருடமாக வருகிறார். பூக்கட்டும் கை என்பதால் எழுத்தும் நெருக்கமாக, வரிசையாக இருக்கும்.

2025 ஏப்ரலில் ஒருநாள் மாலை, அக்கா ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார்.

“டீச்சரே, இதைக் கொஞ்சம் பாருங்க. மலேசியாவுக்குப் போறோம்.”

அக்காவின் மகளைக் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கிள்ளான் மலேசியாவில் உள்ள ஊர். தமிழர்கள் நிறைய உண்டு. மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. அக்காவும் வீட்டுக்காரரும் பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிறார்கள். டிக்கெட் எடுத்துத் தரும் தரகர் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்.

போவது மே 3. வருவது ஜூன் 4. விசா வேண்டாம்.

“சீட்டை நீங்களே படியுங்கள் அக்கா” என்றேன். அக்கா படித்தார். ‘விசா’ என்ற சொல்லில் நின்றார்.

“விசா வேண்டாம்னா என்ன அர்த்தம்? சும்மா போகலாமா?”

அன்று வேறு பாடம் எடுப்பதாக இருந்தேன். அதை மூடி வைத்தோம்.

பாஸ்போர்ட் நம் நாடு நமக்குத் தருவது. ‘இவர் இந்தியக் குடிமகன், இவர் இந்தியக் குடிமகள்’ என்று அது சொல்லும். கடவுச்சீட்டு என்றும் சொல்வார்கள். விசா அப்படி அல்ல. நாம் போகிற நாடு தருவது விசா. ‘எங்கள் நாட்டுக்கு வரலாம், இத்தனை நாள் இருக்கலாம், இன்ன வேலைக்காக வரலாம்’ என்று அது சொல்லும். பாஸ்போர்ட் நம் வீட்டுக் குடும்ப அட்டை மாதிரி. விசா அடுத்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து “வாங்க” என்று சொல்வது மாதிரி.

சில நாடுகள், “குறைந்த நாள் தங்க வருகிறவர்கள் முன்கூட்டியே விசா வாங்க வேண்டாம்” என்று சொல்கின்றன. மலேசியா இந்தியர்களுக்கு அப்படி ஒரு சலுகை கொடுத்தது. 2023 டிசம்பர் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 30 நாள் வரை தங்கலாம். முதலில் 2024 கடைசி வரை என்றார்கள். பிறகு 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆக, இது என்றென்றைக்கும் உள்ள உரிமை அல்ல. பயணத்துக்கு முன் ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் மையத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் சிரித்தார். “எங்க தாத்தா கொழும்புக்குப் போனப்போ எந்த விசாவும் கிடையாது. ரயிலில் தனுஷ்கோடி போனாங்க. கப்பலில் ஏறித் தலைமன்னாரில் இறங்கினாங்க” என்றார். உண்மைதான். அப்போது இரண்டும் வெள்ளைக்காரன் ஆட்சியில் இருந்த ஊர்கள். 1948இல் இலங்கை தனியாகக் குடிவரவுச் சட்டம் போட்டது. அதன் பிறகு தாளில்லாமல் படகேறிப் போனவர்களுக்குக் ‘கள்ளத்தோணி’ என்று பெயர் வந்தது. தாத்தா போன அதே கடல்தான். ஆனால் பேரன் போனால் குற்றம். தனுஷ்கோடியையும் 1964 டிசம்பர் புயல் அழித்துவிட்டது.

இன்றும் பாஸ்போர்ட்கூட இல்லாமல் நாம் போகக்கூடிய நாடு நேபாளம். 1950இல் இரண்டு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டி விமானத்திலும் போகலாம். நம் திருவனந்தபுரத்துக்கு வைத்தியம் பார்க்க வரும் மாலத்தீவுக்காரர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் விசா இல்லாமல் இந்தியாவில் 90 நாள் வரை தங்கலாம். நாம் மாலத்தீவுக்குப் போனால், அங்கே இறங்கியதும் கட்டணம் இல்லாமல் அனுமதி தருகிறார்கள்.

சரி, அக்காவின் சீட்டுக்கு வருவோம்.

“மே 3இல் போய் ஜூன் 4இல் வந்தால் எத்தனை நாள் அக்கா?”

“ஒரு மாசம்.”

“ஒரு மாதமா, 30 நாளா?”

அக்கா விரல் மடக்கினார். மற்றவர்களும் மடக்கினார்கள். மே மாதத்துக்கு 31 நாள். மே 3ஐ முதல் நாளாக வைத்து எண்ணினால் மே 31 அன்று 29 நாள் ஆகிறது. ஜூன் 1 அன்று 30 நாள் முடிகிறது. ஜூன் 4 என்பது 33ஆவது நாள்!

அறையில் சத்தமே இல்லை. அக்கா மறுபடியும் எண்ணினார். கரும்பலகைக்கு வந்து தானே எழுதிப் பார்த்தார். அதே 33.

“மூணு நாள்தானே டீச்சரே. அதுக்கு என்ன பண்ணிருவாங்க?”

இப்படித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி, அனுமதி முடிந்த பிறகும் தங்குவது குற்றம். வழக்கு நடந்து குற்றம் உறுதியானால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் போடலாம். 5 ஆண்டு வரை சிறையும் உண்டு. இரண்டும் சேர்த்தும் வரலாம். ரிங்கிட் என்பது அந்த நாட்டுப் பணம். 10,000 ரிங்கிட் என்றால் நம் பணத்தில் லட்சக்கணக்கில் வரும். மூன்று நாளுக்கு அந்த அளவு போவார்களா, மாட்டார்களா என்று சோதித்துப் பார்க்கும் இடம் அது அல்ல. மறுமுறை அந்த நாட்டுக்குள் விடாமலும் போகலாம். பேரப்பிள்ளை அங்கே இருக்கும்போது அது எவ்வளவு பெரிய தண்டனை!

தரகர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் மாதக் கணக்கில் பார்த்தார். சட்டம் நாள் கணக்கில் பார்க்கிறது. வந்து இறங்கும் நாளையும் சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் மிச்சம் வைத்துத் திரும்புங்கள். விமானம் ரத்தானாலும், காய்ச்சல் வந்தாலும் அந்த மிச்சம் உதவும்.

மறுநாள் அக்கா இரண்டு பாஸ்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். அக்காவினுடையது புதியது. வீட்டுக்காரருடையது பழையது. அவர் முன்பு மஸ்கட்டில் இருந்தவர். அந்தப் பாஸ்போர்ட் செப்டம்பர் 18 அன்று முடிகிறது.

“மே மாசந்தானே போறோம். செப்டம்பர் வரைக்கும் இருக்கே” என்றார் அக்கா.

போதாது. மலேசியாவுக்குள் நுழையும் நாளில் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் 6 மாதம் உயிர் இருக்க வேண்டும். மே 3இல் போனால் நவம்பர் 3 வரையாவது செல்ல வேண்டும். செப்டம்பரில் முடியும் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோனால் விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் பணமும் போகும். பல நாடுகளுக்கு இந்த 6 மாத விதி உண்டு.

அதனால் மாமா புதுப்பிக்க விண்ணப்பம் போட்டார். 36 பக்கப் புத்தகம், 10 ஆண்டுக்கு. கட்டணம் 1,500 ரூபாய். புதுப் புத்தகம் கைக்கு வந்த பிறகே டிக்கெட் எடுத்தார்கள். போவது ஜூன் 12, வருவது ஜூலை 8. ஜூன் 12 முதல் 30 நாள் என்றால் ஜூலை 11 வரை. மூன்று நாள் மிச்சம். இந்தத் தேதியை அக்காதான் முடிவு செய்தார். தரகரிடம் அவரே போய்ச் சொன்னார்.

விசா வேண்டாம் என்றால் வேறு எதுவும் வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். எங்கே தங்கப்போகிறோம் என்பதைக் காட்ட வேண்டும். ஓட்டல் என்றால் பதிவுச் சீட்டு. மகள் வீடு என்றால் முழு விலாசம், தொலைபேசி எண், மகள் எழுதிய ஒரு கடிதம். செலவுக்குப் பணம் இருக்கிறதா என்றும் கேட்பார்கள். கடைசி முடிவு அங்கே இருக்கும் அதிகாரியுடையது. விசா இல்லாமல் வரலாம் என்ற சலுகை, கட்டாயம் உள்ளே விடுவார்கள் என்ற வாக்கு அல்ல. சந்தேகம் வந்தால் அடுத்த விமானத்திலேயே திருப்பி அனுப்புவார்கள்.

இன்னொன்றும் உண்டு. மலேசியா 2024 ஜனவரி 1 முதல் ‘டிஜிட்டல் வருகை அட்டை’ கேட்கிறது. இது கணினியிலோ செல்போனிலோ நிரப்பும் படிவம். போய் இறங்கும் நாளுக்கு முன் 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும். ரொம்ப முன்னாலேயே நிரப்ப முடியாது. இதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் இதைப் போலவே பக்கம் வைத்துக் காசு பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பணம் கேட்டால் அது மலேசிய அரசின் பக்கம் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள். அக்காவுக்கு நாங்கள் மையத்திலேயே நிரப்பினோம். பாஸ்போர்ட் எண்ணை அக்கா ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, நான் தட்டினேன். ஒரு தடவை நான்தான் 8க்குப் பதில் 3 போட்டுவிட்டேன். அக்கா கண்டுபிடித்தார்.

இந்தப் பாடம் நடந்த மூன்று நாளும் ஒருவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையப் பக்கம் சுமடு எடுக்கும் அண்ணாச்சி. நான்காவது நாள் எல்லாரும் போன பிறகு நின்றார்.

“டீச்சரே, எம் பையனும் மலேசியாவுக்குப் போறான். ஓட்டல் வேலை. விசா வேண்டாம், முப்பது நாள் சும்மா இருக்கலாம், அதுக்குள்ள அங்கேயே பெர்மிட் போட்டுத் தர்றேன்னு ஏஜெண்டு சொல்றான். 90,000 கேட்டான். 25,000 குடுத்தாச்சு.”

எனக்குத் திக்கென்றது.

விசா இல்லாமல் தங்கும் 30 நாள் ஊர் சுற்றிப் பார்க்கவும், உறவுக்காரரைப் பார்க்கவும்தான். வேலை செய்ய அல்ல. ஒரு நாள் தட்டுக் கழுவினாலும் தவறு. பிடிபட்டால் சிறைக்குப் போவது பையன். ஏஜெண்ட் இங்கே வேறு ஆள் பிடித்துக்கொண்டிருப்பான். பிடிபடாவிட்டாலும் நிம்மதி இல்லை. சம்பளம் தராவிட்டால் கேட்க முடியாது. அடித்தால் போலீசுக்குப் போக முடியாது. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் முடிந்தது.

இது கற்பனை இல்லை. ஈரான் நாடு 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு 15 நாள் விசா இல்லாச் சலுகை தந்தது. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிச் சிலரை அந்த வழியில் கூட்டிப்போனார்கள். போனதும் கடத்தி வைத்துக்கொண்டு வீட்டாரிடம் பணம் கேட்டார்கள். கடைசியில் 2025 நவம்பர் 22 முதல் அந்தச் சலுகையையே ஈரான் நிறுத்திவிட்டது. தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லிக் கூட்டிப்போய், எல்லை தாண்டி மியான்மாரில் அடைத்து வைத்த கதையும் உண்டு. அங்கே அவர்களைப் போனில் ஊரை ஏமாற்றும் வேலை செய்ய வைத்தார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 13 பேர் அப்படி மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். 2025 மார்ச்சில் 500க்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள்.

அண்ணாச்சி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, “பையன் பாஸ்போர்ட்டில் ஈசிஆர்னு போட்டிருக்கு. அது என்ன?” என்றார்.

நல்ல கேள்வி. நம்மில் பலருக்கு இது தேவைப்படும். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பெரும்பாலும் ஈசிஆர் என்று அச்சிட்டிருக்கும். ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்பது அதன் பொருள். பத்தாவது தேறியவர்களுக்கும், 50 வயது தாண்டியவர்களுக்கும் இது வராது. 18 நாடுகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. சவூதி, குவைத், ஓமன், கத்தார், ஐக்கிய அரபு நாடுகள் எல்லாம் அதில் உண்டு. மலேசியாவும் தாய்லாந்தும் உண்டு. ஈசிஆர் உள்ளவர் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போனால், முதலில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். 1983ஆம் வருடத்துக் குடிபெயர்வுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. வேலைப் பத்திரம் சரியா, சம்பளம் எவ்வளவு என்று அவர்கள் பார்ப்பார்கள். பிள்ளையைப் பார்க்க, ஊர் பார்க்கப் போனால் இந்த அனுமதி வேண்டாம். பூக்கார அக்காவின் பாஸ்போர்ட்டிலும் ஈசிஆர் உண்டு. அவருக்கு அது தடையில்லை. அண்ணாச்சியின் மகனுக்கு அது கவசம். அந்தக் கவசத்தைக் கழற்றத்தான் ஏஜெண்ட், “சுற்றுலா என்று சொல்லிப் போ” என்று சொல்லிக்கொடுக்கிறான்.

2018 ஜனவரியில், ஈசிஆர் உள்ளவர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தனிப் பாஸ்போர்ட் தரப்போவதாக மத்திய அரசு அறிவித்தது. படிக்காதவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவது போல் ஆகும் என்று கேரளத்தில் பெரிய எதிர்ப்பு வந்தது. அந்த மாதமே கைவிட்டார்கள். நல்ல வேளை!

அண்ணாச்சியும் நானும் தைக்காட்டுக்குப் போனோம். தம்பானூரிலிருந்து நடந்தே போகலாம். அங்கே நோர்க்கா மையம் இருக்கிறது. வெளிநாடு போகிறவர்களுக்காகக் கேரள அரசு நடத்துவது நோர்க்கா. ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள் மத்திய அரசிடம் பதிவு செய்து உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பெயரைச் சொன்னால் பட்டியலில் உண்டா என்று பார்த்துவிடலாம். உரிமம் உள்ள ஏஜெண்ட்கூடச் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான் வாங்கலாம். 90,000 வாங்க முடியாது.

பட்டியலில் அந்த ஏஜெண்டின் பெயர் இல்லை.

பையன் போகவில்லை. கொடுத்த 25,000இல் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். பையனுக்கு என் மேல் கோபம். “உங்க டீச்சர் என் வாழ்க்கையைக் கெடுத்துட்டா” என்று அண்ணாச்சியிடம் சொன்னானாம். ஒரு மாதம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் வயதும் என் வயதும் ஒன்று. வேலை இல்லாத வயிற்றெரிச்சல் எனக்கும் தெரியும். இப்போது சாலைக் கடைத்தெருவில் ஒரு கடையில் நிற்கிறான். வெளிநாட்டு ஆசை போகவில்லை. பத்தாம் தரம் சமநிலைத் தேர்வுக்குப் பணம் கட்டியிருக்கிறான்.

அக்காவும் மாமாவும் ஜூன் 12 அன்று கோலாலம்பூரில் இறங்கினார்கள். கிளம்பும் முன் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாராம். “அங்கே ஒருத்தர் வந்து வாங்கிப்பாரு” என்றாராம். அக்கா வாங்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத எதையும் வாங்கக் கூடாது என்று சொல்லியிருந்தோம். மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்குத் தூக்குத் தண்டனை வரை உண்டு. பொட்டலத்தில் முறுக்குதான் இருந்திருக்கும். இருந்தாலும் அக்கா செய்தது சரி. மாமாவின் சர்க்கரை மாத்திரைக்கு டாக்டர் சீட்டை எடுத்துப்போனார்கள்.

விமான நிலையத்தில் அதிகாரி, “எதற்கு வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குவீர்கள்” என்று கேட்டாராம். மாமா இந்திக்கும் இங்கிலீஷுக்கும் நடுவில் தடுமாறினாராம். அக்கா பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மகள் வீட்டு விலாசம், திரும்பும் தேதி, விமான எண். எல்லாம் அக்கா தன் கையால் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியது. இங்கிலீஷ் எழுத்துக்கு மட்டும் நான் உதவினேன். அதிகாரி பார்த்தார், முத்திரை குத்தினார்.

ஜூலை 9 அன்று மாலை அக்கா வகுப்புக்கு வந்துவிட்டார். ஒரு நாள்கூட ஓய்வு எடுக்கவில்லை. பேரனின் படத்தைக் காட்டுவார் என்று பார்த்தோம். முதலில் பாஸ்போர்ட்டைத்தான் எடுத்தார். முத்திரை இருந்த பக்கத்தை விரித்து விரலை வைத்து வாசித்தார்.

“இது வந்த தேதி. இது முப்பது நாள். இது போன தேதி. நான் அங்கேயே வாசிச்சுட்டேன். மாமாவுக்கும் வாசிச்சுக் காட்டினேன்.”

பிறகுதான் பேரனின் படம் வந்தது. குண்டுப் பையன். அக்காவின் மூக்கு.

கணக்குப் போடுவோம்

ஒருவர் டிசம்பர் 20 அன்று மலேசியாவில் இறங்குகிறார். 30 நாள் எந்தத் தேதியில் முடியும்? (வந்த நாளையும் சேர்த்து எண்ணுங்கள். டிசம்பருக்கு 31 நாள்.)

ஒருவரின் பாஸ்போர்ட் ஆகஸ்ட் 15 அன்று முடிகிறது. அவர் மார்ச் 1 அன்று போகலாமா? அதே வருடம் ஏப்ரல் 1 அன்று போகலாமா?

எழுதுவோம்

உங்கள் வீட்டு விலாசத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு தாளில் எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் உறவினர் ஒருவரின் விலாசத்தையும் எழுதுங்கள்.

பேசுவோம்

உங்கள் தெருவில் யாராவது வெளிநாட்டு வேலைக்குப் பணம் கட்டியிருக்கிறார்களா? ஏஜெண்டுக்கு உரிமம் உண்டா என்று அவர்கள் பார்த்தார்களா? பார்க்காவிட்டால் யார் அவர்களோடு தைக்காட்டுக்குப் போகலாம்?